இரண்டாவது கேசட்

மார்ச் 4

அன்புள்ள பிலிமுக்கு,

அண்ணி எழுதுவது. இருந்தவர்கள் யார் யார் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். வீட்டுக் கணக்கு எழுதிப் பழகிய கை, ஆள் கணக்கு சரியாக நிற்காமல் அடுத்த வரிக்குப் போகாது. சாய்வு நாற்காலியில் உன் அண்ணன். சோபாவில் மாப்பிள்ளையும் அவருடைய அக்காவும். கீழே பாயில், அத்தை அனுப்பிய படமாயிற்றே என்று, என் முழங்காலில் சாய்ந்துகொண்டு என் பெண் தும்பி. கதவோரம் மாடி வீட்டு டைப்பிஸ்ட் அம்மா. நடுவில் அடுப்பைப் பார்க்க எழுந்து போய், திரும்பி வந்து, "என்ன ஆச்சு, என்ன ஆச்சு" என்று எல்லாரையும் பிடுங்கி எடுத்தார். வீடியோ டெக்குக்குப் பக்கத்தில் ரிமோட்டோடு நான். ஆக ஆறு பேர்.

நீ வீட்டில் பார்க்கச் சொல்லி அனுப்பிய பழைய கருப்பு வெள்ளைப் படத்தைத்தான் அன்று போட்டேன். எல்லாருக்கும் பிடித்துவிட்டது. கோபித்துக்கொண்டு தாய்வீட்டுக்கு வந்த அந்தப் பெண், மழையில் நனைந்தபடி புருஷன் வீட்டுக்குத் திரும்பிப் போகிறாளே, அவள் தெருமுனைக்கு வந்ததும் ஜன்னலில் விளக்கு எரிகிறதே, அந்த இடத்தில் உன் அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தூசியாம். மாப்பிள்ளையின் அக்கா தும்பியைப் பார்த்து, "பாத்தியாம்மா, போனாத்தானே விளக்கு எரியும்" என்றாள். மறுநாள் காலை தும்பி அவளாகவே பெட்டியை எடுத்து வைத்தாள். இரண்டு மாதமாக நாங்கள் சொல்லிச் சொல்லிக் கேட்காதவள்! மாப்பிள்ளையோடு பஸ் ஏறிப் போய்விட்டாள்.

படம் போடுவதற்கு முன் கண்ணை மூடி ஒன்று வேண்டிக்கொண்டேன். கடவுள் உன் கேசட் வழியாகப் பதில் சொன்னார் என்றே நினைக்கிறேன். உனக்கு நன்றி. இதே மாதிரி வீட்டோடு உட்கார்ந்து பார்க்கும்படி இன்னும் சில படங்கள் எழுது. குடி, முத்தம், சாவு இல்லாததாக இருக்கட்டும்.

உன் அண்ணனின் அச்சகத்துக் கழிவுத் தாளின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். எழுத்து கற்றுக்கொண்டதும் இதில்தானே. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

அண்ணி

*

மார்ச் 9

அண்ணிக்கு வணக்கம். அண்ணனுக்கும் சேர்த்துத்தான்.

குடும்ப விஷயத்தில் வாய் திறக்காதே, வேண்டுமானால் சினிமா பேசு என்று அண்ணன் உத்தரவு போட்டிருப்பதால் சினிமா மட்டும் பேசுகிறேன்.

சாவில்லாத பழைய படம் கேட்டிருக்கிறீர்கள். என் படக் காப்பகத்தில் தேடினால் மூன்றுதான் தேறும். ஒன்றில் நாய்க்குட்டிதான் கதாநாயகன், அந்த நாய்க்குட்டிக்குக் கடைசியில் என்ன ஆகிறது என்று நான் சொல்லமாட்டேன். இன்னொன்று கடிகாரம் பழுது பார்ப்பவர் படம். கணவனை இழந்த ஒரு பெண் கடிகாரத்தைச் சரிபார்க்கக் கொடுக்கிறாள். அவள் திரும்பி வரவேண்டும் என்பதற்காக அவர் ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு திருகைத் தளர்த்தியே அனுப்புகிறார். இதற்குச் சிரிக்காதவருக்கு என் செலவில் பல் வைத்தியம். மூன்றாவது, கலங்கரை விளக்கத்தில் வேலை பார்க்கும் அண்ணன் தம்பி படம். ஒரே அறை, பேச்சு வார்த்தை கிடையாது. அண்ணன் இதை அவசியம் பார்க்கவேண்டும்.

பழைய படத்தை வீட்டில் பார்க்க வழி ஒன்றுதான். திரைச்சீலையை இழுத்து விடுங்கள். தொலைபேசியை எடுக்காதீர்கள். கடைசி எழுத்து மறையும் வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது.

பிலிம்

(இந்தச் சீட்டு, இத்தோடு வரும் கடிகாரப் படக் கேசட்டின் அட்டைக்கு உள்ளே. உங்களுக்கு மட்டும்.)

அண்ணி, நான் அனுப்பியது இரண்டு கேசட். ஜன்னலில் விளக்கு எரிவது முதல் கேசட்டின் கடைசி. அது இடைவேளை. அதற்கப்புறம் இன்னும் அவ்வளவு படம் இருக்கிறது. இரண்டாவது கேசட் எங்கே? அன்றைக்கு அது ஓடியதா இல்லையா? இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள். வேறு எதுவும் எழுதவேண்டாம்.

*

மார்ச் 14

பிலிமுக்கு,

உன் சீட்டைக் குளியலறையில் நின்று படித்தேன். இந்த வயதில் எனக்கு இது தேவையா?

ஓடவில்லை. நான்தான் போடவில்லை. எந்தப் படமானாலும் முந்தின நாள் மத்தியானம் அடுப்பை அணைத்துவிட்டு, தனியாக முழுதும் பார்த்துவிட்டுத்தான் இந்த வீட்டில் நாலு பேர் முன்னால் போடுவேன். அது உனக்குத் தெரியும். தானியத்தில் கல் பொறுக்காமல் உலையில் போடுகிறவள் இல்லை நான். இரண்டாவது கேசட்டையும் பார்த்தேன். அந்த மனிதன் தினமும் வேலைக்குப் போகும்போது அவளை உள்ளே வைத்துப் பூட்டுகிறான். அவள் முதலில் கதவைத் தட்டுகிறாள், அப்புறம் தட்டுவதை விடுகிறாள், அப்புறம் பேசுவதையே விடுகிறாள். கடைசியில் அப்பன்காரன் வந்து கதவைத் திறக்கிறான். வெளிச்சம் உள்ளே விழுகிறது. கதவு திறந்தே கிடக்கிறது, அவள் எழுந்து வரவில்லை. அப்படியே உட்கார்ந்திருக்கிறாள், படம் முடிந்துவிடுகிறது! இது ஒரு படமா? மாப்பிள்ளை பெண்ணைக் கூட்டிப் போக வந்து உட்கார்ந்திருக்கும் வீட்டில் இதையா போடச் சொல்கிறாய்? கம்பளிகளுக்கு அடியில், டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டேன்.

எதைக் காட்டினால் வீடு நிற்கும், எதைக் காட்டினால் சரியும் என்று எனக்குத் தெரியும். நீ தனி ஆள். கிழிந்த சுருளை ஒட்டினால் உன் வேலை முடிந்தது. குடும்பத்தை அப்படி ஒட்ட முடியாது. நீ இதில் கோபப்பட என்ன இருக்கிறது?

அண்ணி

*

மார்ச் 18

அண்ணி,

தனி ஆள் என்று எழுதிவிட்டீர்கள். சரி. தனி ஆள் சொல்வதைக் கேளுங்கள். இந்த முறை சுற்றி வளைக்கப் போவதில்லை. அண்ணன் படித்தாலும் படிக்கட்டும்.

தும்பி இரண்டு மாதத்துக்கு முன் நேராக உங்கள் வீட்டுக்கு வரவில்லை. அவர் பூட்ட மறந்த ஒரு காலையில் கிளம்பி, முதலில் என் விடுதிக்குத்தான் வந்தாள். வாசல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, "அடிக்கல அத்தை. திட்டக்கூட இல்ல. காலையில போறப்ப வெளிய பூட்டிட்டுப் போறார். சாயங்காலம் வந்து திறக்கிறார். ‘உனக்கு வேணுங்கிறதெல்லாம் உள்ளயே இருக்கே, வெளிய என்ன வேலை’ன்னு சிரிச்சுக்கிட்டே கேக்கறார்" என்றாள். "அம்மாகிட்ட சொல்லலையா?" என்று கேட்டேன். "முன்னாடி வந்தப்ப சொன்னேன். எல்லா வீட்லயும் கதவைப் பூட்டத்தான் செய்வாங்கன்னுட்டாங்க" என்றாள். நீங்கள் அப்படிச் சொன்னீர்களா, இல்லையா?

அண்ணனுக்குப் போன் செய்தேன். அவர், "பின்ன, வீட்டைத் திறந்து போட்டுட்டா போவாங்க?" என்றார். அதற்குப் பிறகுதான் எனக்கு வாய்ப்பூட்டு. என் வேலை இடத்துக்குப் போன் செய்து அவர் போட்ட சத்தத்தில், எனக்கு வரும் எந்த அழைப்பையும் மேற்பார்வையாளர் இன்றுவரை கொடுப்பதில்லை. அதனால்தான் இந்தக் கடிதக் கூத்து.

இப்போது முக்கியமானது. திரும்பிப் போவதா வேண்டாமா என்று தும்பிக்குத் தெரியவில்லை. என்னைக் கேட்டாள். நான் சொன்னால் அண்ணன் கெடுத்தேன் என்பார், சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. அதனால், "உங்க வீட்டுக்கு ஒரு படம் அனுப்பறேன். அதுதான் என் பதில். முழுசா பாரு, அப்புறம் முடிவு பண்ணு" என்றேன். சின்ன வயதிலிருந்து அவளுக்கும் எனக்கும் அப்படித்தானே. நேரில் சொல்ல முடியாததையெல்லாம் ஏதோ ஒரு படத்தைக் காட்டித்தான் சொல்லிக்கொள்வோம்.

அவள் என் பதிலைப் பார்த்தாள், அண்ணி. விளக்கு எரிந்ததோடு முடிந்த பதிலை. போ என்று அத்தையே சொல்லிவிட்டாள் என்று நினைத்துப் பெட்டியை எடுத்து வைத்திருக்கிறாள்.

இன்று காலை கையுறை போட்டுக்கொண்டு ஒரு பழைய சுருளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கெட்டுப்போகத் தொடங்கிய பிலிமில் புளித்த காடி நாற்றம் அடிக்கும். அந்த நாற்றம் வந்த பிறகு நாள் கடத்தக் கூடாது என்பதுதான் இங்கே எங்களுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது. போய்ப் பாருங்கள். தயவுசெய்து.

பிலிம்

*

மார்ச் 25

பிலிமுக்கு,

போய்ப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை, உன் அண்ணனும் நானும். உன் கடிதத்தை அவரிடம் காட்டவில்லை. பெண்ணைப் பார்க்க ஆசையாக இருக்கிறது என்று சொன்னேன்.

எல்லாம் ஒழுங்காகவே இருக்கிறது. வீடு பளிச்சென்று இருக்கிறது. மாப்பிள்ளை வாசலிலேயே நின்று வரவேற்றார். நில அளவைக்காரர் இல்லையா, கூடத்தை மறுபடி அளந்து சாமான்களை இடம் மாற்றி வைத்திருக்கிறார். டீ அவரே போட்டார். புதுப் புடவை எடுத்துக் கொடுத்திருக்கிறார். தும்பி அதைத்தான் கட்டியிருந்தாள். உன் அண்ணன் திரும்பி வரும் வழியெல்லாம், "பாத்தியா, தங்கமான புள்ள" என்றார்.

உடம்பு எப்படி இருக்கிறது என்று தும்பியைக் கேட்டேன். "நல்லா இருக்கா அத்தை" என்று மாப்பிள்ளை சொன்னார். என்ன சமைத்தாய் என்று கேட்டேன். அதற்கும் அவரே சொன்னார். எங்களை வழியனுப்ப அவள் வாசல்படி வரை வந்தாள், படியைத் தாண்டவில்லை. வெறுங்காலோடு நின்றாள். செருப்பு வைக்கும் இடத்தில் அவருடைய இரண்டு ஜோடி மட்டும்தான் இருந்தது. வேறு எங்காவது வைத்திருப்பாள்.

உன் சந்தேகம் தப்பு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதியும் விட்டேன். ஆனால் இரண்டு நாளாகப் பிரார்த்தனையில் உட்கார்ந்தால் மனம் நிற்கவில்லை. அந்தச் செருப்பு வைக்கும் இடமே வந்து நிற்கிறது. ஒன்று கேட்கிறேன். நீ நாலு வீடு பார்த்தவள். பின்கட்டுக் கதவுக்கு வெளிப்பக்கமாகத் தாழ்ப்பாள் வைப்பது வழக்கம்தானா?

அண்ணி

*

மார்ச் 29

அண்ணி,

வழக்கம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். அண்ணனோடு போகாதீர்கள். வேலை நாளில், அவர் அளவைக்குக் கிளம்பிய பிறகு போங்கள். இரண்டாவது கேசட்டை எடுத்துப் போங்கள். அங்கே டெக் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கையில் இருக்கட்டும்.

பிலிம்

*

ஏப்ரல் 3

அன்புள்ள பிலிமுக்கு,

இதை எங்கிருந்து எழுதுகிறேன் என்று கடைசியில் சொல்கிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நேற்றுக் காலை உன் அண்ணன் அச்சகத்துக்குக் கிளம்பியதும், பிரார்த்தனைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். பொய் இல்லை. வழி முழுவதும் அதைத்தான் செய்தேன்.

வாசற்கதவில் பூட்டு தொங்கியது. பின்பக்கம் சுற்றிப் போனேன், வெளித்தாழ்ப்பாள், அதிலும் ஒரு பூட்டு. பக்கவாட்டு ஜன்னலைத் தட்டினேன். தும்பி வந்தாள். என்னைப் பார்த்ததும் சிரித்தாள். விருந்தாளி வந்தால் சிரிப்போமே, அப்படிச் சிரித்தாள்.

"உள்ள வர முடியாதும்மா, சாவி அவர்கிட்ட இருக்கு" என்றாள், ஏதோ சர்க்கரை தீர்ந்துவிட்டது என்பதைப் போல.

"எப்பேர்ந்து?"

"வந்ததுலேர்ந்து. சரியாயிடும்மா. அத்தை அனுப்பின படத்துல அந்தப் பொண்ணுக்கும் கொஞ்ச நாள் ஆச்சுல்ல? எனக்கு இன்னும் எத்தனை நாள்ல விளக்கு எரியும்?"

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். பையில் இருந்த கேசட்டை எடுத்துக் காட்டினேன். "படம் அங்க முடியலடி. இது மீதி. நான்தான் போடாம வச்சுட்டேன்" என்றேன்.

"மீதி என்ன?"

வாழ்நாளில் இந்த வாயால் யாருக்கும் அழுகிற கதை சொன்னதில்லை. அவளுக்குப் பால் கொடுத்த காலத்தில்கூட நல்ல முடிவாகப் பார்த்துத்தான் சொல்வேன். தெருவில் நின்று, கம்பி வழியாக, முழுவதும் சொன்னேன். தட்டியது, தட்டாமல் விட்டது, பேச்சு நின்றது, அப்பன் வந்தது, வெளிச்சம் விழுந்தது. ஒன்றையும் பொறுக்கி எறியவில்லை. ஒரு கிழவர் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். கேட்டால் கேட்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

"கதவு திறந்தப்புறமும் அவ வரலையா?" என்றாள் தும்பி.

"வரலை."

புடவைத் தலைப்பைச் சுருட்டிச் சுருட்டி விரித்தாள். பிறகு, "அப்ப அத்தை என்னைப் போன்னு சொல்லலை" என்றாள்.

"இல்லடி. போகாதேன்னுதான் சொல்லியிருக்கா. அதை மறைச்சது நான்."

நான் போய்த் தெருமுனையில் சாவிக் கடை வைத்திருப்பவரைக் கூப்பிட்டேன். வாட்டசாட்டமான ஆள், ஆனால் பயந்தாங்கொள்ளி. "வீட்டுக்காரர் இல்லாம பூட்டை உடைச்சா என்னைத்தான் பிடிச்சு உள்ள போடுவாங்கம்மா, நான் பிள்ளைகுட்டிக்காரன்" என்றார். "வீட்டுக்காரர் இல்லேன்னா என்ன, வீட்டுக்காரி உள்ளதான் இருக்கா. வந்து அவளையே கேளுங்க" என்றேன். சுத்தியும் உளியும் எடுத்துக்கொண்டு வந்தார். ஆனால் ஜன்னலுக்கு எதிரே நின்று, தரையைப் பார்த்துக்கொண்டு, "நீங்க சொல்றீங்களாம்மா? உங்க வாயால சொன்னாத்தான் கை வைப்பேன்" என்றார்.

தும்பி அந்தச் சுத்தியையே பார்த்தாள். நான் பேச வாயெடுத்தேன்; என்னைத் தடுத்தது யாரென்று தெரியாது, கடவுளாகத்தான் இருக்க வேண்டும், பேசாமல் நின்றேன். சாவிக்காரர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், சுத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பக்கூடப் போனார்.

"உடைங்க" என்றாள். மறுபடியும் சொன்னாள். "உடைங்கண்ணே."

வாசற்கதவுப் பூட்டு கீழே விழுந்தது. கதவைத் தள்ளினேன். வெளிச்சம் கூடம் முழுக்க விழுந்தது. அவள் கூடத்து மூலையில், தரையில் உட்கார்ந்திருந்தாள்.

எழுந்திருக்கவில்லை.

நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். அந்தப் படத்தில் அப்பன்காரன் நின்றானே, அதே மாதிரி. காலை எடுத்து வைக்க முடியவில்லை. இத்தனை நாள் வேண்டிக்கொண்டதெல்லாம் ஒரு சொல்லாகக்கூட நினைவுக்கு வரவில்லை. "தும்பி" என்றேன். சாவிக்காரர் தலையைத் திருப்பிக்கொண்டார்.

"வரேன்மா" என்றாள். "செருப்பைத் தேடறேன். இங்கதான் எங்கயோ இருக்கும்னு பாக்கறேன். வேலைக்குப் போறப்ப பையில போட்டு எடுத்துட்டுப் போயிடறார், நான் மறந்துட்டேன்."

என் செருப்பைக் கழற்றி உள்ளே தள்ளிவிட்டேன். அது அவளுக்குப் பெரிசு. தடுக்கித் தடுக்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு, படியைத் தாண்டி வந்தாள். சாவிக்காரரிடம் கூலி எவ்வளவு என்று கேட்டேன். "போங்கம்மா, சீக்கிரம் போங்க" என்றார். எனக்குக் கடன் வைத்துப் பழக்கமில்லை. ஆனாலும் போய்விட்டோம்.

கடவுளிடம் நான் கேட்டதற்குக் கிடைத்த பதிலில் பாதியை நானே கம்பளிக்கு அடியில் வைத்திருந்தேன், பிலிம். இனி பொறுக்குகிற வேலை எனக்கு வேண்டாம். தனி ஆள் என்று எழுதியதை நீ மறக்கமாட்டாய் என்று தெரியும். மறக்கவும் வேண்டாம்.

இப்போது எங்கிருந்து எழுதுகிறேன் என்றால், மாடியில், டைப்பிஸ்ட் அம்மாவின் உள்ளறையில். தும்பி பக்கத்தில் தூங்குகிறாள். கதவைச் சாத்தக்கூடாது என்று சொல்லிவிட்டுத் தூங்கினாள், அதனால் திரைச்சீலை மட்டும் இழுத்து விட்டிருக்கிறேன். கீழே எங்கள் வீட்டு வாசலில் உன் அண்ணனும் மாப்பிள்ளையும் பேசுகிற சத்தம் இங்கே கேட்கிறது. மாப்பிள்ளை குரலை உயர்த்தவே இல்லை. உன் அண்ணன்தான் கத்துகிறார், "என் பொண்டாட்டிக்குப் புத்தி கெட்டுப்போச்சா" என்று. நாங்கள் அவர்களுடைய தலைக்கு மேலே இருப்பது இரண்டு பேருக்கும் தெரியாது. நேற்றிலிருந்து நானும் வீட்டுக்குப் போகவில்லை. முப்பது வருஷத்தில் அவர் தனக்கு வேண்டிய டீயைத் தானே போட்டுக்கொள்வது இதுதான் முதல் முறை. சர்க்கரை எந்த டப்பாவில் இருக்கிறது என்பதுகூடத் தெரியாது, பாவம்.

டைப்பிஸ்ட் அம்மா நல்லவர். ஆனால் அடுத்த வாரம் சனிக்கிழமை அவருடைய மகன் வருகிறான், அவன் உன் அண்ணனின் அச்சகத்தில்தான் வேலை பார்க்கிறான். அதற்குள் நாங்கள் இங்கிருந்து போயாக வேண்டும். கேட்காமல் வந்து நின்றால் உன் விடுதியில் உள்ளே விடமாட்டார்கள் என்று தும்பி சொல்கிறாள். காப்பாளர் அம்மாவிடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டுமாம். இரண்டு பேருக்கு வாங்கு. எனக்கும் சேர்த்து. இரண்டாவது கேசட் என் பையில் இருக்கிறது. அதை உன் பக்கத்தில் உட்கார்ந்துதான் பார்ப்பேன், கடைசி எழுத்து மறையும்வரை எழுந்திருக்க மாட்டேன் என்று தும்பி சொல்லியிருக்கிறாள்.

இந்தக் கடிதத்தை டைப்பிஸ்ட் அம்மா விரைவுத் தபாலில் போடுகிறார். பதிலை அவர் பெயருக்கே எழுது. இடம் உண்டா, இல்லையா என்று மட்டும் எழுதினால் போதும். சீக்கிரம் பதில் எழுது.

அண்ணி